செம்மண் மூடிய வயலும் இரவல் நகை பூட்டிய வீடும்



மாட்டுச் சந்தையில் விற்க வருகிறவன் மாட்டைக் குளிப்பாட்டி, கொம்பைச் சீவி, வர்ணம் பூசி, கழுத்தில் மணி கட்டித்தான் நிறுத்துவான். வாங்க வரும் விவசாயி அந்த மணியோசையில் மயங்குவதில்லை. பல்லைப் பிடித்துப் பார்க்கிறான். சுழி பார்க்கிறான். நடக்கவிட்டுப் பார்க்கிறான். அதற்குப் பிறகுதான் மடியிலிருக்கும் பணத்தைத் தொடுகிறான்.

ஒரு மாட்டுக்கு இத்தனை சோதனை. ஆயுள் முழுக்கச் சேர்த்ததைக் கொட்டி, இன்னும் இருபது வருஷக் கூலியை அடகு வைத்து வாங்கும் வீட்டுக்கும் மனைக்கும் நாம் செய்யும் சோதனை என்ன? ஒரு பகல்! அதுவும் தரகன் தன் வேனில் ஏற்றிக்கொண்டு போய், சோறு போட்டு, அவன் காட்டுகிற இடத்தை மட்டும் காட்டித் திருப்பி அனுப்புகிற ஒரு பகல்!

இந்த ஒரு பகலை ஜோடிப்பது இன்று ஒரு தனித் தொழில். அது யாருக்காக நடக்கிறது, அதன் செலவு யார் தலையில் விழுகிறது என்பதைத்தான் நாம் பேச வேண்டும்.

நாடக மேடையிலிருந்து வந்த வித்தை

அமெரிக்காவில் பார்ப் ஷ்வார்ட்ஸ் என்ற வீட்டுத் தரகு அம்மையார் 1972-ல் இதைத் தொடங்கியதாகச் சொல்கிறார்கள். நாடகத்துக்கு மேடையை ஜோடிப்பது போல, விற்கப்போகும் வீட்டை ஜோடிப்பது. குடியிருந்தவரின் பழைய சாமான்களை அப்புறப்படுத்து. சுவருக்கு வெளிர் வர்ணம் அடி. வாடகைக்கு வந்த சோபாவையும் விளக்கையும் பூச்சாடியையும் வை. பார்க்க வருகிறவர் மனதில் ‘இது என் வீடு’ என்ற ஆசையைக் கிளப்பு. வீடு விற்றதும் சோபா வண்டியேறி அடுத்த வீட்டுக்குப் போய்விடும்! இதற்கு அங்கே ‘ஹோம் ஸ்டேஜிங்’ என்று பெயர். வீட்டை மேடையேற்றுவது என்று அர்த்தம்.

அதே தேசத்தில் 2008-ல் என்ன நடந்தது? கடன் தவணை கட்ட முடியாமல் லட்சக்கணக்கான குடும்பங்கள் வீடுகளை வங்கிகளிடம் பறிகொடுத்தன. சோபா ஜோடித்ததுதான் அதற்குக் காரணம் என்று நாம் சொல்லவில்லை. குடியிருக்க வேண்டிய வீட்டை, சீக்கிரம் கைமாற்றி லாபம் அடிக்கும் சரக்காக ஆக்கியதன் பலன் அது. அந்தச் சரக்குக்குச் சுற்றிய பளபளப்புக் காகிதம்தான் இந்த ஜோடனை.

பெண் பார்க்க வரும் நாளில் இரவல் நகை பூட்டுவது நமக்குப் புதிதல்ல. அது ஏழையின் மானப் பிரச்னை. இங்கே இரவல் நகை பூட்டுகிறவன் ஏழையல்ல, ஏமாறுகிறவன்தான் ஏழை.

வயலுக்குப் போடும் வேஷம்

நாஞ்சில் நாட்டில் இந்த வித்தை வீட்டுக்கு முன்பே வயலில் தொடங்கிவிடுகிறது. கோட்டைக் கணக்கில் விதைப்பாடு சொன்ன வயலை இன்று சென்ட் கணக்கில் கூறு போடுகிறார்கள். கன்னிப்பூவும் கும்பப்பூவும் விளைந்த நன்செய்யில் லாரி லாரியாகச் செம்மண் கொட்டுகிறார்கள். முகப்பில் ஒரு வளைவு. நாலு மூலையிலும் வர்ணக் கொடி. பாதை ஓரத்தில் நேற்று நட்ட தென்னங்கன்று. நடுவில் ஒரு மாதிரி வீடு. வாசலில் தோவாளைச் சந்தைப் பூமாலை. ‘நகர்’ என்றும் ‘கார்டன்’ என்றும் ஒரு பெயர்ப் பலகை.

அந்தச் செம்மண்ணுக்கு அடியில் என்ன இருக்கிறது? வாய்க்கால் இருக்கிறது! பேச்சிப்பாறை அணை 1906-ல் கட்டி முடிந்தது. கோதையாற்றுத் தண்ணீர் அங்கிருந்து சானல்களில் இறங்குகிறது. தோவாளைச் சானல், அனந்தனார் சானல், நாஞ்சில்நாடு புத்தனாறு எல்லாம் அந்தத் தண்ணீரைச் சுமப்பவை. சானலிலிருந்து குளம், குளத்து மடையிலிருந்து மேல்வயல், மேல்வயலிலிருந்து கீழ்வயல், கடைசியில் பழையாறு, மணக்குடியில் கடல். இந்தச் சங்கிலியின் நடுவே ஒரு வயலை மண் போட்டு மேடாக்கினால், மேல்வயலில் தண்ணீர் தேங்கும், கீழ்வயல் காயும். அந்த இரண்டு வயல்காரரும் அடுத்த வருஷம் தரகனைத் தேடி வருவார்கள். ஒரு வயலுக்குப் போட்ட வேஷம் மூன்று வயலை விழுங்குகிறது!

இதில் நம் வர்க்கத்துக்கு விழும் அடி இரட்டை அடி. அந்த வயலில் நாற்று நட்ட பெண்ணுக்கும் கதிர் அறுத்தவனுக்கும் வேலை போகிறது. வேலை போனவன் பிள்ளை கேரளத்தில் கொத்தனார் கையாளாகவோ வளைகுடாவில் கூலியாகவோ உழைத்துப் பணம் அனுப்புகிறான். அந்தப் பணத்தைத் தேடித்தான் தரகனின் வேன் வருகிறது. தகப்பன் சேறு மிதித்த வயலை, மகன் சென்ட் விலை கொடுத்து மனையாக வாங்குகிறான். லாபம் மட்டும் இடையில் நின்றவன் பைக்கு!

வீட்டுக்குப் போடும் வேஷம்

கட்டி முடித்த வீட்டின் கதை என்ன? கூரையில் கசிவு இருந்தால் அடியில் ‘பால்ஸ் சீலிங்’ என்ற போலிக் கூரை. அதில் வரிசையாக விளக்கு. சுவரின் அடியில் ஓதம் ஏறினால் இரண்டு முழ உயரத்துக்கு டைல்ஸ். அழகுக்கு என்பார்கள். கிணற்று நீர் வாயில் வைக்க முடியாதது என்றால், அன்றைக்கு மட்டும் தொட்டியில் லாரித் தண்ணீர். அறை சிறியது என்றால் எதிரே பெரிய கண்ணாடி.

காலத்தையும் கவனியுங்கள். வயலில் கட்டிய வீட்டைத் தை, மாசியில் காட்டுவார்கள். ஐப்பசி, கார்த்திகையில் காட்ட மாட்டார்கள்! நிரப்பிய மண் வருஷா வருஷம் அமுங்கும். அடியிலுள்ள வயல் களி மழையில் ஊதும், கோடையில் வெடிக்கும். அஸ்திவாரம் ஆழத்தில் உறுதியான தரையைத் தொடவில்லை என்றால் சுவர் விரியும். நிலத்தடி நீர் மேலே நிற்கும் இடத்தில் மழைக்காலத்தில் கக்கூஸ் குழி நிரம்பும். பக்கத்துக் கிணறு கெடும். புதுப் பெயின்டுக்கு இதெல்லாம் ஆறு மாதம் வரை மறையும். ஆறு மாதம் போதும், பத்திரம் பதிந்துவிடும்.

2021 நவம்பரில் குமரி மாவட்டத்தில் கொட்டிய மழையை யாரும் மறக்கவில்லை. வயல்கள் மூழ்கின. வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. நாகர்கோவில்–திருவனந்தபுரம் ரயில் பாதையில் மண் சரிந்தது. தண்ணீருக்கு விளம்பரப் பலகை படிக்கத் தெரியாது. அது பழைய வயலைத் தேடித்தான் வரும்.

அவசரத்தின் விலை

“அண்ணாச்சி, இன்னைக்கே அட்வான்ஸ் போட்டுருங்க. நாளைக்கு சென்டுக்கு அம்பதாயிரம் ஏறும்” என்கிறான் தரகன். ஜோடனையின் உயிர்நாடி இந்த அவசரம்தான். யோசிக்க நேரம் கொடுத்தால் வேஷம் கலையும்.

ஒரு கணக்குப் போடுவோம். ஜோடித்த செலவையும் ஆசையின் விலையையும் சேர்த்து ஒரு வீட்டின் விலையில் 50,000 ரூபாய் கூட்டிவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். அதை நாம் கையிலிருந்தா கொடுக்கிறோம்? கடனில் சேர்க்கிறோம். வருஷத்துக்கு 9 சதவீத வட்டி, 20 வருஷத் தவணை என்றால், அந்த 50,000-க்கு மட்டும் மாதம் சுமார் 450 ரூபாய். 20 வருஷத்தில் கட்டி முடிப்பது சுமார் 1,08,000 ரூபாய்! சோபா மூன்றாம் நாளே போய்விட்டது. தவணை இருபது வருஷம் நிற்கிறது.

ஆரல்வாய்மொழி மில்லில் நூல் நூற்கிற தொழிலாளி தன் வைப்பு நிதியிலிருந்து வீட்டுக்கென்று முன்பணம் எடுக்கிறான். அது முதுமையில் அவன் கஞ்சிக்கு வைத்த பணம். அந்தப் பணத்தைக் கொண்டுபோய்ப் போலிக் கூரைக்குக் கொடுக்கலாமா?

சட்டம் கையில் இருக்கிறது

1882-ம் வருஷச் சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 55 சொல்கிறது: சாதாரணக் கவனத்தில் வாங்குகிறவர் கண்ணில் படாத பெரிய குறை ஒன்று விற்பவருக்குத் தெரிந்திருந்தால், அவர் அதைச் சொல்லியே ஆகவேண்டும். ஓதத்தின் மேல் டைல்ஸ் ஒட்டுகிறவன் செய்வது என்ன? சொல்ல வேண்டியதை மறைக்கிறான்.

2016-ம் வருஷ ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தைப் பாருங்கள். பிரிவு 3: 500 சதுர மீட்டருக்கு, அதாவது சுமார் 12 சென்டுக்கு மேற்பட்ட மனைப் பிரிவைப் பதிவு செய்யாமல் விளம்பரமே செய்யக்கூடாது. பிரிவு 12: விளம்பரத்தையோ மாதிரி வீட்டையோ நம்பிப் பணம் கொடுத்து, அது பொய் என்று ஆனால், முழுப் பணத்தையும் வட்டியோடும் நஷ்ட ஈட்டோடும் திரும்பக் கேட்கலாம். பிரிவு 13: பதிவான ஒப்பந்தம் இல்லாமல் விலையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது. பிரிவு 14: ஐந்து வருஷத்துக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் கட்டியவரே தன் செலவில் சரிசெய்ய வேண்டும். இந்த நாலு பிரிவையும் எந்தத் தரகனாவது வேனில் வைத்துச் சொன்னதுண்டா?

சட்டத்தில் ஓட்டையும் உண்டு. 12 சென்டுக்கு உள்ளே கூறு போட்டால் இந்தப் பதிவு தேவையில்லை. கைமாறும் பழைய வீட்டுக்கும் இது பொருந்தாது. 2016 செப்டம்பர் 9-ல் சென்னை உயர்நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக்கூடாது என்று தடை போட்டது. மறு வருஷமே சர்க்கார், ஏற்கெனவே போட்ட மனைகளைக் கட்டணம் வாங்கி வரன்முறைப்படுத்த விதி கொண்டுவந்தது. ஏமாந்து வாங்கிய ஏழைக்கு அந்த நிவாரணம் தேவைதான். ஆனால் கூறு போட்டு விற்றவன் என்ன பாடம் படித்தான்? முதலில் விற்றுவிடு, சட்டம் பின்னால் வரும் என்பதுதானே!

1956 நவம்பர் 1 வரை குமரி நிலமும் தென் கேரள நிலமும் ஒரே ராஜ்யத்தில் இருந்தன. எல்லைக்கு அப்பால் 2008-ல் நெல்வயலையும் ஈரநிலத்தையும் காக்கத் தனிச் சட்டம் போட்டார்கள். 2018-ல் அதில் தளர்வு வந்தது என்பதும் உண்மை. ஆனாலும் தடுத்து நிறுத்த ஒரு சட்டம் கையில் இருக்கிறது. களியக்காவிளைக்கு இப்பால் இருக்கிற வயலுக்கு மட்டும் அந்தப் பாதுகாப்பு ஏன் கூடாது?

‘வேலை கிடைக்கிறதே’ என்பவர்களுக்கு

வெள்ளையடிப்பவனும் தச்சனும் கொத்தனும் நம் தோழர்கள்தானே, அவர்கள் பிழைப்பைக் கெடுக்கலாமா என்று கேட்பார்கள். அவர்கள் மேல் நமக்கு ஒரு சொட்டுப் பகையும் இல்லை. பொங்கலுக்கு நாமும்தான் வெள்ளையடிக்கிறோம். கஷ்டத்தால் குடியிருந்த வீட்டை விற்கிற ஏழை, வாசல் தெளித்துக் கோலம் போட்டு வைத்தால் அதுவும் குற்றமல்ல. சுத்தம் செய்வது வேறு, மறைப்பது வேறு. வீட்டு வேலை கட்டி முடியும்வரை ஒரு தடவை கிடைக்கும். வயல் வேலை வருஷத்துக்கு இரண்டு பூவாகத் தலைமுறை தலைமுறையாகக் கிடைத்தது. கொத்தனுக்கு வேலை வேண்டுமா? மண் போடாத மேட்டு நிலத்தில், குடியிருக்க வீடில்லாதவர்களுக்குச் சர்க்கார் வீடு கட்டட்டும்! கை நிறைய வேலை இருக்கிறது.

வயலை விற்கிற சிறு விவசாயியையும் நாம் திட்டவில்லை. நெல்லுக்குக் கட்டுபடியாகும் விலை கொடுக்காமல், சானல் கடைமடைக்குத் தண்ணீர் விடாமல், ‘வயலை விற்காதே’ என்று அவனுக்கு உபதேசம் செய்ய யாருக்கும் யோக்கியதை இல்லை.

நாம் செய்ய வேண்டியது

மனையோ வீடோ வாங்கப் போகிற ஒவ்வொரு தொழிலாளியும் இவற்றைச் செய்யுங்கள். தரகன் வேனில் ஏறாதீர்கள். சொந்தச் செலவில் பஸ்ஸில் போங்கள். பட்டாவில் நன்செய் என்று இருக்கிறதா பாருங்கள். புல வரைபடத்தில் வாய்க்கால் ஓடுகிறதா பாருங்கள். வில்லங்கச் சான்று எடுங்கள். மனைப்பிரிவு அங்கீகார எண்ணையும் ரியல் எஸ்டேட் பதிவு எண்ணையும் எழுதி வாங்குங்கள். பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஒப்பந்தமில்லாமல் கொடுக்காதீர்கள். விளம்பர நோட்டீஸைக் கிழித்துப் போடாதீர்கள். அது நாளைக்கு உங்கள் சாட்சி.

எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த வயலில் நாற்று நட்ட அக்காவைத் தேடிப்பிடித்துக் கேளுங்கள். எந்த மூலையில் முழங்கால் வரை புதையும், எந்த வரப்பில் தண்ணீர் உடைக்கும், எந்த மாதத்தில் கிணறு கலங்கும் என்று எந்தப் பத்திரத்திலும் இல்லாத சரித்திரம் அவளிடம் இருக்கிறது. தரகன் ஜோடித்த மேடையை ஒரே வார்த்தையில் கலைக்க அவளால் முடியும்.

விவசாயத் தொழிலாளர் சங்கமும் மில் சங்கமும் ஊர்தோறும் இந்தத் தகவலைத் திரட்டி வைக்கட்டும். எந்தச் சர்வே எண் நன்செய், எது மூடிய வாய்க்கால் என்று சங்கப் பலகையில் எழுதிப் போடட்டும். நெல்வயல் பாதுகாப்புச் சட்டம் வேண்டும், மூடிய வாய்க்கால்களைத் திறக்க வேண்டும், 12 சென்ட் ஓட்டையை அடைக்க வேண்டும் என்று கலெக்டர் அலுவலகத்தின் முன் சேர்ந்து நிற்போம்.

வருகிற ஐப்பசியில் அடைமழை கொட்டும் நாளில், நீங்கள் ஆசைப்பட்ட அந்த மனையைப் போய்ப் பாருங்கள். கொடி நனைந்து கிடக்கும், வளைவு மட்டும் நிற்கும், தண்ணீர் உள்ளதைச் சொல்லும். தனியாகப் போகாதீர்கள் தோழர்களே, நாலு பேராகப் போங்கள்!