இனாம் கூலி ஆகாது

வட இந்திய நகரங்களில் மணமகன் ஊர்வலம் வீதியில் இறங்கும்போது, இருமருங்கிலும் அலங்கார விளக்குகளைச் சுமந்தபடி ஒரு வரிசை நடந்து வருகிறது. அவ்வரிசையில் பெண்களும் இருக்கிறார்கள். விளக்குகள் அனைத்தும் பின்னால் வரும் ஜெனரேட்டர் வண்டியோடு ஒரே கம்பியால் பிணைக்கப்பட்டுள்ளன. முன்னே பேண்டு வாத்தியம். உறவினர்கள் ரூபாய் நோட்டுகளை மணமகனின் தலையைச் சுற்றி வாத்தியக்காரர்களிடம் நீட்டுகிறார்கள். சிலர் வீசி எறிகிறார்கள். எடுப்பவர் குனிகிறார், கொடுப்பவர் நிமிர்ந்து நிற்கிறார்.

இந்தப் பணத்துக்கு பக்‌ஷீஸ், இனாம், டிப்ஸ் என்று பல பெயர்கள். நாவிதர், சலவைத் தொழிலாளி ஆகியோருக்குத் திருமணத்தில் 'நேக்' கொடுக்கும் வழக்கத்தின் சாயல் இதில் உண்டு. சாதி விதித்த ஊழியத்துக்குக் கூலி பேசப்படாது. மனமுவந்து தருவதை வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த வழக்கம் இன்று ஒப்பந்ததாரருக்கு வசதியாகிவிட்டது. 'டிப்ஸ் கிடைக்கும்' என்று சொல்லியே அவர் நாள்கூலியைக் குறைக்கிறார். விருந்தினர் தரும் பணம் முதலாளியின் ஊதியச் செலவைத்தான் மிச்சப்படுத்துகிறது.

2024 நவம்பர்-டிசம்பர் பருவத்தில் மட்டும் 48 லட்சம் திருமணங்கள் நடைபெறும். ஏறத்தாழ 6 லட்சம் கோடி ரூபாய் வணிகம் நிகழும் என்று அகில இந்திய வர்த்தகர்கள் கூட்டமைப்பு மதிப்பிட்டது. இத்தனை பெரிய தொழிலில் பந்தல் போடுபவருக்கும் பாத்திரம் கழுவுபவருக்கும் பணி நியமனக் கடிதம் இல்லை. வேலை நேரத்துக்கு வரம்பு இல்லை. மோடி அரசு தேசிய அடிமட்டக் கூலியை 2019இல் 2 ரூபாய் உயர்த்தி 178 ரூபாயாக அறிவித்தது. நாள் ஒன்றுக்கு!

சட்டப் பாதுகாப்பும் சுருங்குகிறது. 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் 20 பேரை வைத்து வேலை வாங்கும் ஒப்பந்ததாரரைக் கட்டுப்படுத்தியது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்ட சட்டத் தொகுப்பு அந்த வரம்பை 50 ஆக்கிவிட்டது. நட்சத்திர விடுதிக்கு நாற்பது பரிமாறுபவர்களை அனுப்புபவர் இனி அந்தக் கட்டுப்பாட்டுக்கு வெளியே நிற்கலாம்.

அப்படியானால் டிப்ஸ் கொடுக்கக் கூடாதா? கொடுக்கத்தான் வேண்டும். பீகாரிலிருந்தும் உத்தரப்பிரதேசத்திலிருந்தும் வரும் தொழிலாளிக்கு அன்றிரவு கையில் விழும் நூறு ரூபாய், ஊர் திரும்பும் ரயில் கட்டணத்தில் ஒரு பகுதி. கொள்கையின் பெயரால் அதை மறுப்பது அவர் வயிற்றில் அடிப்பதாகும். ஆனால் அதைக் கொடுத்துவிட்டதாலேயே கடமை முடிந்தது என்று கருதுவது பிழை. டிப்ஸ் பெரும்பாலும் கண்ணில் படுபவருக்கே போகிறது. அடுப்படியில் நிற்பவருக்கும் எச்சில் இலை எடுப்பவருக்கும் அது எட்டுவதில்லை.

தோழர்களின் இல்லங்களிலும் திருமணங்கள் நடக்கின்றன. ஒப்பந்ததாரரிடம் ஒரு தட்டு உணவின் விலையைப் பேசும்போதே, ஓர் ஆளுக்கு என்ன கூலி, எத்தனை மணி நேர வேலை, இரவில் திரும்ப வாகனம் உண்டா என்று கேட்கலாம். கூலி தொழிலாளர் கைக்குச் சேர்ந்த பின்னரே இறுதித் தொகை என்று எழுதி வாங்கலாம். அன்பளிப்பைக் கடைசி ஆள்வரை சமமாக, அவரவர் கையிலேயே கொடுக்கலாம்.

இவை தனிமனித ஒழுக்கம் மட்டுமே, தீர்வு ஆகா. இத்தொழிலாளர்களைச் சங்கமாகத் திரட்டுவதும், அறிவிக்கப்பட்ட குறைந்தபட்சக் கூலி, மிகைநேர ஊதியம், விபத்துக் காப்பீடு, நல வாரியம் ஆகியவற்றைப் போராடிப் பெறுவதும்தான் தீர்வு. உரிய கூலி கைக்கு வந்த பிறகு தரப்படும் பணம்தான் அன்பளிப்பு. அதற்கு முன் தரப்படுவது, பாக்கியில் ஒரு சிறு பகுதியே.