மூணு கோடு போட்டா மெனு ஆயிடுமா?

போன ஞாயித்துக்கிழமை ஊர்ல இருந்து அப்பா ஃபோன். வீட்டு வரி கட்டின ரசீது வேணுமாம், சைட்ல எங்கே இருக்குன்னே தெரியலையாம். நானும் பெரிய இவன் மாதிரி, "மேல மூணு கோடு இருக்கும் பாருங்கப்பா, அதைத் தொடுங்க" என்றேன்.

"எந்தக் கோடுடா?"

பத்து நிமிஷம் கழித்துக் கோடு கிடைத்தது. தொட்டால் 'எங்களைப் பற்றி', 'சேவைகள்', 'தகவல்கள்', 'இதர சேவைகள்'. ரசீது இதில் எதுக்குள்ள? 'இதர சேவைகள்', அதுக்குள்ள 'பதிவிறக்கம்', அதுக்கும் உள்ளே! நான் கண்டுபிடிப்பதற்குள், "எனக்கு இதெல்லாம் சரிப்பட்டு வராதுப்பா, நேர்லயே போய்க்கிறேன்" என்று வைத்துவிட்டார். முப்பது வருஷம் கணக்கு எழுதின மனுஷன். தனக்குத்தான் தெரியலைன்னு நினைச்சுக்கிட்டார் பாருங்க, அதுதான் எனக்கு எரிச்சல்.

மக்களே, தப்பு அவர் மேல இல்லை. என்னை மாதிரி பொட்டி தட்டுறவங்க மேலதான்.

அந்த மூணு கோடு 1981-ல் வந்த ஜெராக்ஸ் ஸ்டார் கணினிக்காக நார்ம் காக்ஸ் வரைந்தது. பல வருஷம் கழித்து, செல்போன் திரையில் இடம் பத்தலைன்னு தூசி தட்டி எடுத்தாங்க. சரி, அங்கே ஒரு நியாயம் இருக்கு. முழ அகலத் திரையிலும் ஏன் சாமி ஒளிச்சு வைக்கிறீங்க? நீல்சன் நார்மன் குழுமம் 2016-ல் 179 பேரை வைத்துச் சோதித்துச் சொன்னது: மெனுவை ஒளித்தால் உள்ளே இருப்பது கண்ணில் படுவது கிட்டத்தட்ட பாதியாகிறது. செல்போனை விட கணினியில்தான் இன்னும் மோசம். ஃபேஸ்புக்கே 2013-ல் தன் ஐஃபோன் செயலியில் முக்கியமானதை எல்லாம் கீழே வரிசையாகக் கொண்டுவந்து வைத்தது.

'பார்க்க நீட்டா இருக்கு' என்பதெல்லாம் சும்மா. நிஜக் காரணம் மீட்டிங். நான் அந்த மாதிரி மீட்டிங்கில் உட்கார்ந்திருக்கேன். ஒவ்வொரு டிபார்ட்மென்டுக்கும் தன் பேர் மெனுவில் வரணும். எண்ணிப் பார்த்தால் 19. எதைத் தூக்குறதுன்னு சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை. "எல்லாத்தையும் மூணு கோட்டுக்குள்ள போட்டுடுங்க" என்றார் மேனேஜர். நானும் தலையாட்டினேன். ஆறு மணிக்கு கேப் கிளம்பிடுமே!

நடுவுல ஒருத்தர் 'ஏழுக்கு மேல கூடாது'ன்னு ரூல் பேசுவார். ஜார்ஜ் மில்லர் 1956-ல் எழுதினது ஞாபகத்தில் எத்தனை நிக்கும் என்பதைப் பற்றி. மெனுவை எவனும் மனப்பாடம் பண்றதில்லை, அதான் கண்ணு முன்னாடி இருக்கே. பேர் தெளிவா இருந்தா பத்து கூட இருக்கட்டும்.

பேர் எங்கே கிடைக்கும்? கவுன்டர்ல உட்கார்ந்திருக்கிறவங்களைக் கேளுங்க சார். நாள் பூரா ஜனங்க என்ன கேக்குதுன்னு அவங்களுக்குத்தான் தெரியும். 'வரி கட்ட', 'ரசீது எடுக்க', 'பிறப்புச் சான்றிதழ் வாங்க'. அதே வார்த்தையை அப்படியே மேல போடுங்க. 'இதர சேவைகள்'னு யாராவது கவுன்டர்ல போய்க் கேட்டிருக்காங்களா?

அப்பா செவ்வாய்க்கிழமை ஆட்டோ பிடிச்சுப் போய் ரசீது வாங்கிட்டார். போக வர 160 ரூபா. கவுன்டர்ல இருந்த அம்மாவும் அதே சைட்டைத் திறந்து, கொஞ்ச நேரம் தேடித்தான் எடுத்துக் கொடுத்தாங்களாம் :-)

டிஸ்கி: அந்த 19 மெனு எந்த கம்பெனின்னு கேக்காதீங்க. இன்னும் அங்கதான் ஆணி புடுங்கிட்டு இருக்கேன்.