தறி ஓட்டுபவரின் காதருகே அளந்து பாருங்கள்

தீபாவளி வந்தால் சௌகார்பேட்டையில் எத்தனை டெசிபல், பெசன்ட் நகரில் எத்தனை டெசிபல் என்று தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அளந்து வெளியிடுகிறது. அளக்கட்டும். ஓரிரு நாள் வெடிக்கும் பட்டாசுக்குக் காட்டும் இந்த அக்கறை, பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் சோமனூரிலும் இரவு பகலாக ஓடும் விசைத்தறிகள் மீது ஏன் திரும்பவில்லை?

நாடாத் தறிகள் நெருக்கமாக ஓடும் கூடத்தில் 95 டெசிபல் சாதாரணம்; 100-ஐத் தொடுவதும் உண்டு. தகரமோ ஆஸ்பெஸ்டாஸோ வேய்ந்த கூரை அந்த இரைச்சலைத் திருப்பிக் கீழேயே தள்ளும். உள்ளே பேச்சு என்பது கையசைவும் உதட்டசைவும்தான். போன் வந்தால் வாசலுக்குத்தான் போக வேண்டும். சிலர் காதில் கழிவுப் பஞ்சைத் திருகி வைத்திருப்பார்கள். மனதுக்கு ஒரு தெம்பு, அவ்வளவே. ஷிப்ட் பெரும்பாலும் 12 மணி நேரம்.

உள்காதின் மயிரிழைச் செல்கள் செத்தால் மறுபடி முளைப்பதில்லை. முதலில் போவது 4,000 ஹெர்ட்ஸ் ஒட்டிய உச்சஸ்தாயி ஒலிகள். அதனால்தான் பாதிக்கப்பட்டவர் "கேக்குது, என்ன சொல்றீங்கன்னுதான் புரியல" என்கிறார். வீட்டார் அதை வயதின் கோளாறு என்று விட்டுவிடுகிறார்கள்.

நம் தொழிற்சாலை விதிகளின்படி 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல் வரை போகலாம். 100 டெசிபலில் 2 மணி நேரம் நிற்கலாம். அமெரிக்காவின் தொழில் சுகாதார ஆய்வு நிறுவனமான நியோஷ் பரிந்துரைக்கும் கணக்கிலோ அதே 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான். மூன்று டெசிபல் கூடினாலே இரைச்சலின் ஆற்றல் இரட்டிப்பாகிறது என்பதே அந்தக் கணக்கின் அடிப்படை. நமது விதியே தாராளம். அந்தத் தாராள விதியும் தறிக்கூடத்துக்குள் நுழைவதில்லை என்பதுதான் கொடுமை.

காரணம் ஆள் கணக்கு. மின்சாரத்தில் இயங்கும் கூடத்தில் 10 பேர் இருந்தால்தான் தொழிற்சாலை என்றது 1948-ஆம் ஆண்டுச் சட்டம். 2020-ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அதை 20 ஆக்கிவிட்டது. நாலைந்து பேர் ஓட்டும் கூடம் இதில் எங்கே வரும்? இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மை இ.எஸ்.ஐ.க்கான தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் இ.எஸ்.ஐ.க்கும் பொதுவாக 10 பேர் வேண்டும். காதுக்குக் கேடு செய்வது டெசிபல். சட்டமோ தலைகளை எண்ணிக்கொண்டிருக்கிறது. 85 டெசிபலைத் தாண்டும் எந்தக் கூடமும், ஒருவரே வேலை செய்தாலும், அளவீட்டுக்கும் செவிப் பரிசோதனைக்கும் உட்பட வேண்டும் என்பதே நம் நிலைப்பாடு.

சிறு தறி உரிமையாளர்கள் இதை எதிர்ப்பார்கள். நூல் விலைக்கும் கூலி ஒப்பந்தத்துக்கும் நடுவில் நசுங்குபவர்கள் அவர்கள்; பலர் தாங்களே தறி ஓட்டுகிறார்கள், போவது அவர்கள் காதும்தான். ஆகவே செலவை அவர்கள் தலையில் கட்டக் கூடாது. தேய்ந்த பாகங்களை மாற்றுவது, தறிக்கு அடியில் ரப்பர் திண்டு வைப்பது, கூரைக்கு ஒலியுறிஞ்சும் தடுப்பு அடிப்பது ஆகியவற்றுக்கு மானியம் தரலாம். காதடைப்பான் கடைசி வழி. 8 மணி நேர வேலையில் ஒரு மணி நேரம் அதைக் கழற்றினாலே, எவ்வளவு உயர்ந்த ரகமானாலும் 9 டெசிபலுக்கு மேல் காப்பு கிடைக்காது. புழுக்கத்தில் அதைக் கழற்றாதவர் யார்?

அரசுக்குக் கூடங்களைத் தேடி அலையும் வேலையும் இல்லை. விசைத்தறிகளுக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் இலவச மின்சாரம் தருவதால், இணைப்பு எண்ணோடு பட்டியல் மின்வாரியத்திடமே இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு தொழிலகப் பாதுகாப்பு இயக்ககம், தோளில் மாட்டும் அளவுக் கருவியோடு பள்ளிபாளையத்திலிருந்து தொடங்கலாம். வேலையிடத்துக்கே வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' குழுவினரின் கையில் ஓர் ஆடியோமீட்டரையும் கொடுக்கலாம். பரிசோதனையை மட்டும் ஷிப்ட் முடிந்த கையோடு செய்யக் கூடாது. இரைச்சலில் மரத்த காது சரியான அளவு காட்டாது. வாரவிடுமுறை முடிந்து தறி ஓடத் தொடங்கும் முன்பே செய்ய வேண்டும்.