பாதாள ரயிலும் நம் பாட்டிமாரும்

உலகில் பாதாள ரயில் முதன்முதலாக ஓடியது இலண்டன் மாநகரில். 1863ஆம் ஆண்டில் நீராவி எஞ்சின் ஒன்று புகையைக் கக்கிக்கொண்டு சுரங்கத்தினுள் புகுந்தது. நம் நாட்டில் 1984இல் கல்கத்தாவிலும், 2004இல் டில்லியிலும், 2017இல் சென்னையிலும் பூமிக்கடியில் ரயில் ஓடத் தொடங்கிற்று.

இவற்றுள் சிறந்தது எது? மாஸ்கோ நகரைச் சொல்வோர் பலர். அங்கே பல நிலையங்கள் பளிங்குத் தூண்களும் சரவிளக்குகளுமாக அரண்மனை போல் விளங்குகின்றன. கல்கத்தாவைப் புகழ்வோரும் உண்டு. 2024 முதல் அங்கே ஹூக்ளி ஆற்றுக்கு அடியிலேயே ரயில் செல்கிறது. ஆனால், அழகும் திறமையும் மட்டும் போதா என்பதே நம் கருத்து. அன்றுதான் முதன்முறையாகப் படியிறங்கும் வெளியூரார் ஒருவர் அச்சமின்றி வழி கண்டு செல்ல முடிகிறதா? அதுவே சரியான அளவுகோல்.

தரைக்கு மேலே மாதா கோயிலோ, கடைத்தெருவோ, ஆலமரமோ அடையாளம் காட்டும். கீழே அவை ஏதும் இல்லை. ஆகவே வழிகாட்டும் பொறுப்பு ரயில் நடத்துவோரையே சாரும். இலண்டனில் ஹாரி பெக் என்பவர் மின்சுற்றுப் படம் போல நேர்கோடுகளாலும் வண்ணங்களாலும் வரைந்த வழிப்படம் 1933இல் வெளியாயிற்று. சிங்கப்பூரில் நம் தமிழிலும் அறிவிப்புச் செய்கின்றனர். 1969இல் தொடங்கிய மெக்சிகோ நகர ரயிலோ, எழுத்தறியாதவரையும் மறக்கவில்லை. ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு சித்திரம் உண்டு. சாபுல்டெபெக் நிலையத்துக்கு வெட்டுக்கிளி!

நம் செய்யூரில் ரயில் நிலையமே இல்லை. மதுராந்தகமோ செங்கல்பட்டோ சென்று ரயிலேறி, எழும்பூரில் இறங்கலாம். அங்கிருந்து அரசு பொது மருத்துவமனைக்குச் செல்வோர்க்குப் பாதாள ரயிலில் அடுத்த நிலையமே சென்ட்ரல். ஆயினும் நம் பாட்டிமார் பலர் நகரும் படிக்கட்டையும் பயணச்சீட்டு இயந்திரத்தையும் கண்டு அஞ்சி, நோயுற்ற உடலோடு வெயிலில் ஆட்டோவுக்குக் காத்து நிற்பர். நோயாளிக்குப் பயன்படாத வசதி எவ்வளவு விரைவாக ஓடினால்தான் என்ன?

சென்னையில் தமிழ் அறிவிப்பும் மின்தூக்கியும் உள்ளன; பாராட்டுவோம். அவற்றோடு சித்திர அடையாளங்களும் வேண்டும். சென்ட்ரலுக்கு அதன் மணிக்கூண்டும், எழும்பூருக்கு அதன் குவிமாடமும் போதுமே!

அதுவரை நமக்கும் ஒரு கடமை உண்டு. வழிப்போக்கரை வரவேற்பது அறச்செயல் என மறைக்கல்வி வகுப்பில் கற்கிறோம் அல்லவா? பயணச்சீட்டு வாங்கத் தெரிந்த மாணவியராகிய நாம், தயங்கி நிற்கும் முதியவரின் கையைப் பற்றி அழைத்துச் செல்வோம்.