குடி தாய்வழி, கவலை மகன்வழி

இப்படியொரு விடயத்தை உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி எழுதலாமா என்று சிலர் நினைக்கக்கூடும். ஆனால் இன்னும் சில வருடங்களில் இந்தக் கேள்விகளுக்கு முகம் கொடுக்கப்போவது நாங்கள்தான். கல்யாணம் முடிந்து மூன்று மாதம் போவதற்குள் "என்ன புள்ள, இன்னும் விசேஷம் ஒண்டும் இல்லியா?" என்று தொடங்குவார்கள். ஒன்று பிறந்தால் "எப்ப அடுத்தது?" என்பார்கள். நான்கும் பெண்ணாகப் பிறந்துவிட்டாலோ, "ஒரு ஆம்புளப் புள்ள இல்லாட்டி வம்சம் அத்துப் போயிருமே" என்று பெருமூச்சு விடுவார்கள். கேள்வி வாசலுக்கு வருமுன் அதைப் பற்றிச் சிந்தித்து வைப்பது நல்லதல்லவா?

முதலில் இந்த "வம்சம் அத்துப் போகும்" என்ற பேச்சை எடுத்துக்கொள்வோம். நமது கிழக்கு மாகாணத்தில் இது சொல்லப்படுவதுதான் எனக்குப் பெரிய வேடிக்கையாகத் தெரிகிறது. காத்தான்குடி முதல் அக்கரைப்பற்று, பொத்துவில் வரை நம் மூத்தோர் வம்சத்தைக் குடியாகத்தான் கணக்கிட்டார்கள். குடி வாப்பாவிடமிருந்து வருவதில்லை, உம்மாவிடமிருந்து வருகிறது. உம்மாவின் குடிதான் பிள்ளையின் குடி. ஒரே குடிக்குள் சம்பந்தம் வைப்பதில்லை. பள்ளிவாசல் நிர்வாகத்தில் ஒவ்வொரு குடிக்கும் மரைக்கார் இருந்தார். அவரும் அந்தத் தாய்வழிக் குடியைச் சேர்ந்தவரே. நம் அயலில் வாழும் தமிழ் மக்களிடமும் இதே குடிமுறை உண்டு. அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் தங்கி இதையெல்லாம் ஆராய்ந்து 2008ஆம் ஆண்டு பெரிய நூலொன்றே வெளியிட்டிருக்கிறார். அந்தத் தாய்வழித் தொடரை நம் மூத்தம்மாமார் "வயிற்றுவார்" என்றார்கள். சொல்லிலேயே விடை இருக்கிறது.

இந்தக் கணக்கின்படி பார்த்தால், நான்கு பெண் பிள்ளைகள் உள்ள வீட்டில் குடி நான்கு கிளையாகத் தழைக்கிறது. ஆண் பிள்ளைகள் மட்டும் உள்ள வீட்டில்தான் அந்த உம்மாவின் குடி அவளோடு நின்றுபோகிறது. அப்படியிருந்தும் நான்கு ஆண் பிள்ளைகளைப் பெற்றவளிடம் யாரும் போய்த் துக்கம் விசாரித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. வீடு மகளுக்கு, மருமகன் வந்து குடியேறுவது பெண் வீட்டில், குடி உம்மாவின் பெயரில். கவலை மட்டும் மகன் வழியில்! இந்தக் கவலை நமது மண்ணின் வழக்கிலிருந்து வரவில்லை என்பது தெளிவு.

அப்படியானால் மார்க்கத்திலிருந்து வந்ததா? மார்க்கத்தில் ஒருவருடைய நசப் தந்தை வழியே சொல்லப்படுகிறது, அது உண்மை. ஆனால் ஆண் பிள்ளை இல்லாதவர் சந்ததியற்றவர் என்ற ஏளனம் மக்கத்துக் குறைஷிகளுடையது. நபி (ஸல்) அவர்களின் ஆண் மக்கள் மூவரும் சிறு வயதிலேயே வபாத்தானார்கள். அந்த ஏளனத்துக்குப் பதிலாகவே சூரத்துல் கவ்ஸர் இறங்கியதாகத் தப்ஸீர்களில் படிக்கிறோம். இன்று உலகெங்கும் நபியவர்களின் வழித்தோன்றல்கள் என்று அறியப்படுவோர் அனைவரும் மகள் பாத்திமா (ரழி) அவர்களின் வழி வந்தவர்களே.

ஆயிஷா (ரழி) அவர்களுக்குப் பிள்ளைகளே இல்லை. ஆனாலும் சகோதரியின் மகன் அப்துல்லாஹ்வை வைத்து அவர்கள் "உம்மு அப்துல்லாஹ்" என்று அழைக்கப்பட்டார்கள். அவர்கள் வழியாக நம்மை வந்தடைந்த ஹதீஸ்கள் 2,000க்கும் மேல். பிள்ளை இல்லாத அவர்களை முழு உம்மத்தும் அன்னை என்கிறது. அதே உம்மத்தைச் சேர்ந்த நாம், பக்கத்து வீட்டில் பிள்ளை இல்லாத பெண்ணைத் தொட்டில் கட்டும் வைபவத்துக்கு அழைக்கத் தயங்குகிறோம்.

பிள்ளை பெறுவதை மார்க்கம் விரும்பத்தக்கதாகச் சொல்லவில்லையா என்று கேட்கலாம். சொல்கிறது, பிள்ளை அல்லாஹ்வின் அருட்கொடை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. கொடை என்பதால்தான், கிடைக்காதவரைக் குற்றவாளி ஆக்கக்கூடாது என்கிறேன். ஆண், பெண், இரண்டும், அல்லது எதுவும் இல்லாமை என நான்கு நிலைகளும் அவன் நாட்டப்படியே என்பதை சூரத்துஷ் ஷூராவின் இறுதி வசனங்களில் காண்கிறோம். எப்போது பெறுவது, எத்தனை பெறுவது என்று தம்பதியர் யோசிப்பதும் புதிய விடயமல்ல. இமாம் கஸ்ஸாலி தமது இஹ்யாவில் கருத்தரிப்பைத் தவிர்ப்பதற்கான காரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்கிறார். பிரசவத்தால் மனைவியின் உயிருக்கு வரும் ஆபத்தையும், அதிகப் பிள்ளைகளால் வரும் சிரமத்தையும் ஏற்கத்தக்க காரணங்களாகக் கொள்கிறார். பெண் குழந்தை பிறந்துவிடுமே என்ற அச்சத்தைக் கெட்ட எண்ணம் என்று தள்ளுகிறார். 900 வருடங்களுக்கு முந்திய அந்த நிதானம் இன்று நம் கல்யாண வீடுகளில் இல்லை.

நம் பிள்ளைகளை எண்ணுகிறவர்கள் வெளியிலும் இருக்கிறார்கள். 2018 பெப்ரவரியில் அம்பாறையில், உணவில் கருத்தடை மாத்திரை கலந்ததாக வதந்தி கிளப்பி முஸ்லிம் கடையையும் பள்ளிவாசலையும் தாக்கினார்கள். பரிசோதனையில் அது வெறும் மாக்கட்டி என்று தெரியவந்தது. நாம் அதிகம் பெறுகிறோம் என்று அவர்கள் எண்ணுகிறார்கள். போதாது என்று நம்மவர்கள் எண்ணுகிறார்கள். இரு பக்கக் கணக்கிலும் பெண் ஓர் இலக்கம். பத்து மாதம் சுமப்பவளின் இரத்த அழுத்தமோ, கணவன் கட்டாரில் இருக்கத் தனியே பிள்ளை வளர்ப்பவளின் தூக்கமோ எந்தக் கணக்கிலும் வருவதில்லை. பிள்ளை இல்லையென்றால் வைத்தியரிடம் முதலில் அனுப்பப்படுபவளும் அவளே. குறை ஆணிடமும் இருக்கலாம் என்று சொல்ல வீட்டில் யாருக்கும் வாய் வருவதில்லை.

ஆகவே என் கருத்து இதுதான். பிள்ளை வேண்டுமா, எப்போது, எத்தனை என்பது கணவனும் மனைவியும் அல்லாஹ்வைப் பயந்து, ஒருவரோடொருவர் பேசி எடுக்க வேண்டிய முடிவு. வாப்பா உம்மா துஆச் செய்யலாம். கேட்டால் ஆலோசனை சொல்லலாம். ஊருக்கு அதில் வேலை இல்லை.

வம்சம் என்பதையும் இரத்தத்தோடு மட்டும் நிறுத்த என்னால் முடியவில்லை. எங்கள் தெருவில் ஓதிக்கொடுத்த ஒரு பெரியம்மாவுக்குப் பிள்ளைகள் இல்லை. என் உம்மும்மா, உம்மா, நான் மூவரும் அவரிடம்தான் அலிப், பே படித்தோம். என் ஓதலில் "ழாத்" எழுத்து சரியாக விழும்போதெல்லாம் அது அவர் திருத்திய நாக்கு என்று உம்மா சொல்வார். ஹதீஸ் கலையில் ஆசிரியர், மாணவர் என்று நீளும் தொடரை "ஸனது" என்கிறோம். அந்தத் தொடரில் யார் யாரிடம் கேட்டார் என்றுதான் பார்க்கிறார்கள். யாருக்கு எத்தனை பிள்ளை என்று பார்ப்பதில்லை.

தோழிகளே, அடுத்த கல்யாண வீட்டில் புதுப்பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்தால் அவள் என்ன படிக்கிறாள், சுகமாக இருக்கிறாளா என்று கேளுங்கள். மற்றதை அவள் சொல்ல விரும்பினால் அவளே சொல்லட்டும்.