நடந்து அறியும் ஊர்

அறியாத ஊரை அறிந்துகொள்ள அதிகாலை நடையே சிறந்த வழி. கோயில்களின் பட்டியலை நூல்கள் தந்துவிடும். அவற்றுக்கிடையே உள்ள தெருக்களை நடப்பவரே காண்பர்.

தாமிரபரணியின் வடகரையில் அமைந்த ஸ்ரீவைகுண்டம் இதற்கு ஏற்ற சான்று. நவதிருப்பதிகளுள் ஒன்றான கள்ளபிரான் கோயிலிலிருந்து புறப்படுபவர், நவகைலாயங்களுள் ஒன்றான கயிலாசநாதர் கோயிலை நடந்தே அடையலாம். வைணவமும் சைவமும் ஒரே ஆற்றின் கரையில் செழித்த வரலாறு அச்சிறு தொலைவில் விளங்கிவிடும். ஆற்றோரம் சென்றால், 19ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட அணைக்கட்டு எதிர்ப்படும். தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டு அது. அங்கிருந்து பிரியும் வடகாலும் தென்காலுமே சுற்றுப்புற நெல்வயல்களையும் வாழைத் தோட்டங்களையும் வாழவைக்கின்றன.

ஆயினும், கண்ணில் பட்டவற்றை மட்டும் கண்டு திரும்புவது நிறைவான நடை ஆகாது. இவ்வூரில் மண்மதில் சூழ்ந்த கோட்டை ஒன்று இருந்தது. அதனுள் வாழ்ந்த சிறு சமூகத்தின் பெண்கள், தலைமுறை தலைமுறையாக மதிலைக் கடந்து வெளியே வந்ததில்லை. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் அவ்வழக்கம் மறைந்தது. இன்று அதே ஊரின் தெருக்களில் மாணவியர் மிதிவண்டியேறிப் பள்ளிக்குச் செல்கின்றனர். வழிப்போக்கருக்கு அது அன்றாடக் காட்சி. மதிலின் கதை அறிந்தவருக்கோ, கோபுரங்களுக்கு நிகரான காட்சி.

ஒரு தெருவின் பெருமை அதன் பழமையால் மட்டும் அமைவதில்லை. அதில் யாரெல்லாம் அச்சமின்றி நடக்க முடிகிறது என்பதாலும் அமைகிறது. புதிய ஊரில் கால்வைக்கும் மாணவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுவே.