பாரிஸ் நகரும் பாரவண்டியும்

2024ஆம் ஆண்டு பெப்ரவரி 4ஆம் திகதி பாரிஸ் மாநகர மக்களிடம் ஒரு வினா விடுக்கப்பட்டது. எஸ்.யூ.வீ. எனப்படும் பெருங்கார்களுக்குத் தரிப்பிடக் கட்டணத்தை மும்மடங்காக்கலாமா? வாக்களித்தோருள் 54.5 சதவீதத்தினர் ஆம் என்றனர். ஆயினும், வாக்காளருள் நூற்றுக்கு அறுவர்தானும் வாக்களிக்க வந்தாரல்லர். அவ்வாண்டு ஒக்டோபர் முதலாக 1.6 தொன்னும் அதற்கு மேலும் நிறையுடைய எரிபொருட் கார்களுக்கு நகர மையத்தில் மணிக்கு 18 யூரோ விதிக்கப்பட்டது. மின்சாரக் கார்களுக்கு எல்லை 2 தொன்.

இக்கார்களால் நன்மையே இல்லையா? உண்டு. உயர்ந்த ஆசனம் வீதியைத் தொலைவுவரை காட்டும். முதியோர் குனியாது ஏறலாம். குடும்பமும் பொதிகளும் தாராளமாக அடங்கும். பள்ளமும் வெள்ளமும் மிகுந்த பாதையில் உயர்ந்த அடித்தளம் பெருந்துணை. மோதல் நேரின், உள்ளிருப்போருக்குப் பாரமே கவசமாகும்.

ஆனால் அக்கவசத்தின் விலையைக் கொடுப்பவர் வெளியே நிற்பவர். உயர்ந்த முன்முகம் பாதசாரியின் காலிலன்றி மார்பிலும் தலையிலும் தாக்குகின்றது. அதன் அருகே நிற்கும் சிறுபிள்ளை சாரதியின் கண்ணுக்குப் புலப்படாமலும் போகலாம். பாரத்தை இழுக்க எரிபொருளும் மிகுதியாக வேண்டும். 2023இல் உலகில் விற்பனையான கார்களுள் ஏறக்குறையப் பாதி இவ்வினத்தனவே என்கிறது சர்வதேச எரிசக்தி முகவரகம்.

பாரிஸ் விதியிலும் ஒரு குறை உண்டு. தம் இல்லத்துக்கு அண்மையில் தரிக்கும் நகரவாசிகளுக்கு விலக்கு வழங்கப்பட்டது. சுமை பெரும்பாலும் வெளியிலிருந்து வருவோர் மீதே விழுகின்றது. வீதியில் நடக்கும் குழந்தைக்கு, தன்னை மோதுவது அயலூர்க் காரா, தன்னூர்க் காரா என்ற பேதமுண்டோ?

கரடுமுரடான பாதைக்குப் பெருங்கார் கருவி. நெருங்கிய நகரில் ஒருவர் தனியே ஓட்டிச் செல்ல அது ஆடம்பரம். ஆடம்பரத்துக்கு விலையுண்டெனின், அதை ஊர் பாராது அறவிடுவதே நீதி.